வரத்துக்காலில் ஒரு படுக்கையறை

குறிஞ்சி நகர் விரிவாக்கத்துக்குள் மீன்கள் வந்து சேர்ந்தது புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்த பிறகு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால். கெண்டையும் கெளுத்தியும் குறவையும் விராலும், சேலை நுனி மாதிரி நெளிகிற ஆராலும், பொடிப்பொடியாய் அயிரைக் கூட்டமும், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வராமல், வெறும் காற்றில், வெயில் பட்டுச் செதில் மினுங்க, வாலை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நீந்தி வந்தன. பிள்ளையார் கோயில் இருக்கிற கிழக்குக் கோடியில் ஆள் உயரத்துக்கும் மேலே நீந்தின. நடுத்தெருவில் நெஞ்சு உயரத்துக்கு நீந்தின. மேற்கே போகப் போக இடுப்பளவாகி, முழங்காலளவாகி நின்றன. அந்த மட்டத்துக்கு மேலே ஒரு மீனும் தலைகாட்டவில்லை, கொத்தனார் நூல் பிடித்து வைத்த மாதிரி.

முதல் நாள் கொஞ்சம் கூச்சல் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற சனம் எவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்? அடுத்த வாரத்துக்குள் எல்லாம் பழகிப்போனது. ஸ்கூட்டர்காரர்கள் காலால் மீனை ஒதுக்கிக்கொண்டே ஓட்டப் படித்தார்கள். துணி காயப்போடுகிற கொடியை மீன்மட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள், இல்லாவிட்டால் அயிரை வந்து நாடாவைக் கொறித்துவிடுகிறது. தொட்டில்களுக்குக் கொசுவலை போட்டார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியை வைப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டையையும் ஒரு உதறு உதறினார். பள்ளிக்கூட வேன் வந்ததும் பிள்ளைகள் பையைத் திறந்து, உள்ளே சுருண்டிருக்கிற கெளுத்தியை முள் குத்தாமல் எடுத்து வெளியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டன. வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர்கள் "மீன் வர்ற வீடா, மீன் வராத வீடா?" என்று முதல் கேள்வியாகவே கேட்டார்கள்.

சாப்பிடப் பார்க்காமலா இருப்பார்கள்? மதுரைப் பக்கத்து ஆளின் மூக்குக்கு முன்னால் அயிரை நீந்தினால் அவன் கை சும்மா இருக்குமா? பிடித்தார்கள், உரசினார்கள், புளி கரைத்து மாங்காய் போட்டுக் கூட்டி வைத்தார்கள். கொதித்தது, மணந்தது, தெருவே எச்சில் முழுங்கியது. கரண்டியை விட்டுத் துழாவினால் மாங்காய் இருந்தது, சின்ன வெங்காயம் இருந்தது, மீன் மட்டும் இல்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் அதே அயிரைகள் கிரைண்டருக்குப் பின்னால் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. சைவக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எங்கிருந்தோ வந்த கொக்குகளும் நாரைகளும் கொத்தின, முழுங்கின, மறுபடி கொத்தின, கடைசியில் வயிறு ஒட்டிப்போய்க் கோபித்துக்கொண்டு பறந்துவிட்டன. இஸ்திரிக் கடைப் பூனை பாவம், நாள் முழுக்க மீனைத் தின்றே இளைத்துத் துரும்பாகி, ஒருநாள் கறிக்கடைப் பக்கம் குடிபோய்விட்டது.

இத்தனை கூத்திலும் மேற்குக் கோடியில் நாலு வீடுகளுக்குள் மட்டும் பொடி மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவற்றில் முதலாவது நலச்சங்கத் தலைவர் கனகவேலின் வீடு. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசில் இல்லாமலேயே பஸ்ஸை நிறுத்துகிற குரல். அவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு முன்னாலேயே மீன்கள் திரும்பிவிடும். "என் இடம் மேட்டு நெலம்யா, அன்னைக்கே பாத்துத்தான் வாங்குனேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்குக் கிழக்கே, ஒரு குறுகிய சந்து தள்ளி இருந்த வீடு பூங்கோதையுடையது. மீன்கள் வந்த காலையில் அந்த நகரிலேயே ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவள்தான். பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று, முழங்காலை உரசிக்கொண்டு போன கெண்டையைப் பார்த்தாள். அவளுக்கு வந்தது ஆச்சரியமில்லை, பயம். மாட்டிக்கொண்டோம் என்கிற பயம்.

அதற்குக் காரணம் இருந்தது. பூங்கோதை அரசுக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை, அவள் வேலையே சேற்றைப் படிப்பது. கண்மாயின் நடுவில் குழாயை அடித்து இறக்கி, உள்ளே ஏறிய சேற்றை அலுங்காமல் வெளியே இழுத்து, கேக் மாதிரி வில்லை வில்லையாக அறுத்து, ஒவ்வொரு வில்லையிலும் ஒளிந்திருக்கிற மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவாள். எலும்பு மட்கினாலும் மகரந்தம் மட்காது. அதை வைத்துக்கொண்டு, இந்த மண்ணில் கோரை நின்றது எந்தக் காலம், அல்லி பூத்தது எந்தக் காலம், பஞ்சத்தில் வெடித்துக் கிடந்தது எந்தக் காலம், சீமைக் கருவேலம் புகுந்தது எந்தக் காலம் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவள் போலச் சொல்லிவிடுவாள். தென் மாவட்டங்களில் அவள் குழாய் இறங்காத கண்மாய் குறைவு. அப்பேர்ப்பட்டவள் தனக்கென்று இடம் வாங்கும்போது பட்டா பார்த்தாள், வில்லங்கம் பார்த்தாள், வாஸ்துகூடப் பார்த்தாள், பாழாய்ப் போன மண்ணை மட்டும் ஒரு கை அள்ளிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாங்க முடியாமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கலாம், யார் கண்டது.

ஆவணியில் அவளுக்கு ஒரு வறண்ட நிலத்து மண் தேவைப்பட்டது. கண்மாய்ச் சேற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, தண்ணீரே தேங்கியிராத சுத்தமான மேட்டு மண். அதற்காக வெயிலில் எங்கே அலைவது, நம் வீட்டு மண்ணே போதும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருக்கிற கணவன் சோலைமலையைச் சம்மட்டியால் அடிக்கச் சொல்லி வாசல் ஓரத்தில் குழாயை இறக்கினாள். மேலே கொட்டிய கிராவல் ஒரு முழம் வந்தது. அதற்குக் கீழே வந்தது கன்னங்கரேலென்று கண்மாய்ச் சேறு, ஊமச்சி நத்தை ஓடும் அல்லி விதையுமாக. அந்தச் சேற்றுக்கு நடுவில், சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல, விரற்கடை அகலத்துக்கு ஒரு வெள்ளை வரி. அது முழுக்க மீன் செதிலும் முள்ளும்.

அந்த வரியைப் பார்த்ததும் அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டாள். இப்படி ஒரு வரி எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு வானம் கறுத்ததும் சினை பிடித்த மீன்கள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் எதிர்த்து ஏறி மேலே போய்த்தான் முட்டையிடும். ஏதோ ஒரு வருசம் எவனோ அந்த வரத்துக்காலை அடைத்திருக்கிறான். ஏறப் போன மீன்கள் எல்லாம் அடைப்பில் மோதி மோதி, அங்கேயே குவிந்து செத்திருக்கின்றன. ஒரு பருவத்து மீன் அத்தனையும், சினையோடு. பூங்கோதை அந்தக் குழாயைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டாள். எடுத்த குழியை மூடிவிட்டு வரவேண்டும் என்பது களத்தில் மாணவர்களுக்கு அவள் சொல்லித்தருகிற முதல் பாடம். அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குழியின் மேல் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மீன்கள் அந்தக் குழி வழியாகத்தான் வந்தனவா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் மீன்களை உற்றுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. எத்தனை பார்த்தும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டைகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட அந்த ஜிலேபிதான் இன்றைக்கு எந்தக் குட்டையில் கை விட்டாலும் வரும். அது இல்லையென்றால் இந்த மீன்கள் அதற்கும் முந்தின காலத்து மீன்கள். வெள்ளை வரிக்குள் செத்துக் கிடந்த மீன்கள் என்பது வரைக்கும் அவள் மனசு போனது, அதற்குமேல் போக மாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டது.

ஐப்பசி பிறந்ததும் மேற்கே மேகம் திரள ஆரம்பித்தது, மீன்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை தெருவில் அங்கிட்டும் இங்கிட்டும் உலாத்திக்கொண்டிருந்தவை எல்லாம், கோயில் தெரு, நடுத்தெரு, கடைத்தெரு என்று பாக்கியில்லாமல், ஒரே திக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டன. வந்தன, வந்தன, பூங்கோதையின் வாசலுக்கு வந்தன; வாசலைத் தாண்டி ஹாலுக்கு வந்தன; டி.வி. ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கையறைக்கு வந்தன. படுக்கையறையின் மேற்குச் சுவரில் போய் மோதின. மோதின மீன் பின்வாங்கி மறுபடி மோதியது. அதற்குப் பின்னால் வந்தது அதன் முதுகில் மோதியது. டொம், டொம், டொம் என்று விடியக்காலையிலும் மத்தியானத்திலும் அந்தியிலும் ஓயாமல், ஒரு தறி ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சோலைமலை தலையணையைச் சுவரில் அணைத்து வைத்துப் பார்த்தான். மீன்கள் தலையணையை ஒதுக்கிவிட்டு மோதின.

பூங்கோதைக்கு வகுப்பில் பாடம் ஓடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் டொம் என்று கேட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கேட்டது. சோற்றைப் பிசைந்தால் கேட்டது. வீட்டுக்குள் வந்தால் உட்காராமல் ஹாலுக்கும் படுக்கையறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், அவள் காலோடு கூடவே மீன்களும் நடந்தன. வயிறு புடைத்த கெண்டை ஒன்றைப் பிடித்து மடியில் வைத்துப் பார்த்தாள். மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது, வயிற்றுக்குள் சினை கல் மாதிரி இறுகியிருந்தது. வரத்துக்கால் எங்கே ஓடியது என்பதற்கு இனிமேல் வரைபடம் வேண்டியதில்லை.

இதற்கிடையில், இத்தனை மீன் நீந்துகிற இடம் கண்மாயாகத்தானே இருக்கவேண்டும் என்று டவுனில் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு விசாரணைக் குழு வரப்போகிறது, கண்மாய்தான் என்று எழுதிவிட்டால் அத்தனை வீட்டையும் இடித்துவிடுவார்கள் என்று சேதி வந்தது. குறிஞ்சி நகரில் அன்றைக்கு யார் வீட்டிலும் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. கனகவேல் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். தலைக்கு மேலே விரால்கள் வட்டமிட, எல்லாரும் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணும் பயப்படாதீக" என்றார் கனகவேல். "மீனுன்னு சொன்னாத்தானய்யா கண்மாயி? இது மீனே கிடையாது. பறவை!"

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"காத்துல போகுதா இல்லையா? இந்தா, இந்த ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி இருக்கே, அது றெக்கை. இது ஒரு தினுசு பறவை, மழைக்கு முன்னால வரும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். வாய் தவறிக்கூட எவனும் கெண்டை கெளுத்தின்னு சொல்லிப்புடாதீக. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைங்க."

"நாம சொன்னா நம்புவாகளா தலைவரே?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"நாம ஏன் சொல்லணும்? டீச்சரம்மா எதுக்கு இருக்காக?" கனகவேல் பூங்கோதையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "காலேஜுல பாடம் எடுக்குறவுக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்க நூறு பேரு சொன்னதுக்குச் சமம். எங்க பொழப்பு உங்க நாக்குல இருக்கு தாயீ."

அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், நகையை வைத்து வீட்டை முடித்தவர்கள், இன்னும் பூச்சு வேலை முடியாதவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலை அவரவர் தோதுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோலைமலை கேட்டான், "என்ன சொல்லப் போற?"

"தெரியலங்க."

"தெரியலன்னா? வெயில்லயும் மழையிலயும் கம்பம் கம்பமா ஏறிக் கட்டுன வீடு பூங்கோத. ரெண்டு தடவ கரண்ட் தூக்கி எறிஞ்சும் பிழைச்சு வந்தேன்ல. பறவைன்னு ஒரு வார்த்தை. வாயா வலிக்கப் போகுது?"

"எனக்கு மட்டும் வீடு வேணாமா? இதை விட்டா நமக்கு எங்க போக்கிடம்?" அவள் குனிந்து, காலடியில் சுற்றிய ஒரு கெண்டையை ஏந்திக் காட்டினாள். "ஆனா அதுக வயித்தப் பாத்தீகளா? இப்ப ஏறலைன்னா செத்துப்போகுங்க. ஒரு தடவ செத்ததுதான். நான் என் கையால எடுத்துப் பாத்தேன், அவ்வளவும் செதிலு, அவ்வளவும் முள்ளு. மறுபடியும் என் கட்டிலுக்குப் பக்கத்துல கிடந்து சாகணுமா?"

சோலைமலை எழுந்தான். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, இல்லாத ஒரு டியூட்டிக்குக் கிளம்பிப் போனான்.

குழு வந்தது. குழுவின் தலைவர் மரியாதை தெரிந்த மனுசர், மடிப்புக் கலையாத சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. தெருத்தெருவாக நடந்தார்; வழியில் குறுக்கிட்ட மீன்களை "நகரும்மா, நகரும்மா" என்று புறங்கையால் ஒதுக்கிக்கொண்டு நடந்தார். ஊர் முழுக்க மனப்பாடம் செய்தது போல ஒப்பித்தது: பறவைங்க சார், மழைக்கு முன்னால வரும் சார். ஒரு சின்னப் பெண் மட்டும் "கெண்டைப் பறவை" என்று சொல்லி அம்மாவிடம் கிள்ளு வாங்கியது. குழுத் தலைவர் கடைசியாகப் பூங்கோதையின் வாசலுக்கு வந்து, "நீங்க சொல்லுங்க மேடம், இது என்ன?" என்று கேட்டார்.

பூங்கோதை உள்ளே போய்ப் பரணிலிருந்து சேலைச் சுருட்டை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் பிரித்து வைத்தாள். சேற்றில் வரி வரியாக விரலை வைத்துக் காட்டிச் சொன்னாள்.

"மீன் சார். இந்த இடத்துப் பழைய பேரு ஊமச்சிக் கண்மாய். இது அடிச் சேறு, இது அல்லி நின்ன காலம், இந்த வெள்ளை வரி வரத்துக்காலை அடைச்ச வருசம் செத்த மீனு. வரத்துக்கால் எங்கன்னு கேப்பீங்க. என் படுக்கையறை வழியாத்தான் போகுது. வந்து காது குடுத்துக் கேளுங்க."

கனகவேலின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. யாரோ ஒரு பெண் "அடிப்பாவி" என்றாள், மெல்லத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சோலைமலை கேட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

குழுத் தலைவர் குனிந்து சேற்றைப் பார்த்தார், விரலால் தொட்டு முகர்ந்தும் பார்த்தார். படுக்கையறைக்குள் போய் டொம் டொம் என்று மோதுகிறதை நின்று கேட்டார். வெளியே வந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "தண்ணி எங்கம்மா?"

"இப்ப இல்ல சார். இருந்துச்சு."

"கண்மாய்ன்னா தண்ணி இருக்கணும், இல்ல தண்ணி நிக்கிற அடையாளமாவது இருக்கணும். இங்க தரை காஞ்சு கிடக்கு. மீன்னா தண்ணியில இருக்கணும். தண்ணியில இல்லாததை மீன்னு நான் எப்படி எழுதுறது? சேறு எந்த ஊர்லதான் இல்ல? நீங்க படிச்சவங்க, கொஞ்சம் யோசிங்க." அவர் முழங்காலைக் கெளுத்தி ஒன்று முட்டியது, குனிந்து அதைத் தூக்கி ஓரமாக விட்டார். "பறவையும் இல்ல, மீனும் இல்ல. வகைப்படுத்த முடியாதது. கண்மாய் இருந்ததுக்கு ஆதாரம் இல்ல. அவ்வளவுதான்."

ஜீப் தெருமுனை தாண்டியதும் வெடித்தது பாருங்கள் கொண்டாட்டம்! தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரவெடி எல்லாம் அன்றைக்கே தீர்ந்தது, சத்தத்துக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சிதறி மறுபடி மேற்கே திரும்பின. அதைவிடக் கூத்து, சற்று முன் அடிப்பாவி என்ற அதே வாய் பூங்கோதையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது. கனகவேல் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து போர்த்தினார்.

"எனக்கே ஒரு நிமிசம் உசுரு போயிருச்சு தாயீ. அப்புறந்தான் வெளங்குச்சு. பறவைன்னு சொன்னா சந்தேகப்படுவான். மீனு மீனுன்னு அடிச்சுச் சொன்னாத்தான் தண்ணி எங்கன்னு கேப்பான்! என்னா மூளை, என்னா மூளை!"

"நான் நெசத்தத்தான் சொன்னேன்" என்றாள் பூங்கோதை.

"அதான், அதத்தான் நானும் சொல்றேன்!" என்று சிரித்துக்கொண்டு அவர் லட்டு எடுத்துக் கொடுக்கப் போனார்.

பூங்கோதை பொன்னாடையோடு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வீடு பிழைத்துவிட்டது. இனி யாரும் இடிக்க வரமாட்டார்கள். சந்தோஷப்பட முயற்சி செய்து பார்த்தாள், ஒரு பொட்டுகூட வரவில்லை. இடிக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டிருந்தால் அழுதுகொண்டாவது விட்டுக்கொடுத்திருக்கலாம். இப்போது உத்தரவும் இல்லை, தடையும் இல்லை, சுவரும் அவளும்தான். மேற்கே வானம் இடி இடித்தது. மீன்கள் பித்துப் பிடித்ததுபோல மோத ஆரம்பித்தன. சுவரின் அடியில் முதல்முறையாக ஒரு கெண்டை மல்லாந்து கிடந்தது, செவுள் திறந்து திறந்து மூடியது. பொன்னாடையை உருவி எறிந்துவிட்டு, குழாய் இறக்குகிற சாமான்களோடு கிடந்த கடப்பாரையைத் தூக்கிவந்து, கட்டிலை ஓரம் தள்ளி, சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது போடுக்குச் செங்கல் தெரிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சோலைமலை வாசற்படியில் நின்று, "ஏய், உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? நிறுத்து!" என்று கத்தினான். அவள் நிறுத்தவில்லை. "நிறுத்துடீங்குறேன்ல!" என்று கத்திக்கொண்டே அவன் ஹாலுக்கு ஓடினான், மின்விசிறி சுற்றுவது நின்றது, விளக்கு அணைந்தது. திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னான்: "சுவத்துக்குள்ள ஒயரு போகுதுடி, கடப்பாரையோட ஒட்டிக்கிட்டுச் சாகவா பாக்குற? மெயினை அணைச்சுட்டேன். இப்ப இடி."

பூங்கோதை அவனைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் மாறி மாறி இடித்தார்கள். ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுவர் திறந்ததும், செங்கல் விழுந்து அடங்குவதற்குள், மீன்கள் கட்டிலுக்கு அடியிலும் பக்கத்திலுமாக, பீரோவை உரசிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரின் கால்களுக்கு நடுவில் பாய்ந்து வெளியேறின. கோயில் தெருவிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் வந்துகொண்டே இருந்தன, கெண்டை போனது, கெளுத்தி போனது, குறவை போனது, விரால் போனது, அயிரை புகை மாதிரிப் போனது. மல்லாந்து கிடந்த கெண்டையும் ஒரு உதறு உதறிப் புரண்டு, கோணல் மாணலாக நீந்திக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது.

போன மீன்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குறுகிய சந்தைத் தாண்டினதும் நின்றன. அங்கே கனகவேலின் சுற்றுச்சுவர் இருந்தது. டொம், என்றது. டொம், டொம் என்றது.

"யோவ் சோலைமலை!" கனகவேல் லட்டுத் தட்டோடு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது? என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக? என் இடம் மேட்டு நெலம்யா! தாயீ, இதுகள அங்கிட்டு ஓட்டுங்க! என் வீட்டுப் பக்கம் எதுக்கு வருதுக?"

"நாங்க எங்கய்யா வரச் சொன்னோம்?" என்றாள் பூங்கோதை. முகமெல்லாம் சுண்ணாம்பும் வியர்வையுமாக, கடப்பாரையை ஊன்றி நின்றாள். "வரத்துக்கால் உங்க வீட்டு வழியாத்தான் மேல போகுது. மேட்டு நெலம் இல்ல, அடைச்ச கரை. மண்ணைக் கொட்டி ஒசத்தியிருக்காக."

கனகவேலின் மனைவி பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நகரே மீனோடு குடித்தனம் பண்ணியபோது தன் வீட்டுக்கு வரவில்லையே என்று மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். சுவரின் மேல் கவிழ்ந்து, அந்தப் பக்கம் கை நீட்டி, மோதி மோதி நின்ற ஒரு கெண்டையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமலே புருசன் பக்கம் திரும்பினாள்.

"நெறசூலி எல்லாம் வாசல்ல வந்து நின்னு கதவத் தட்டுது. நீ லட்டுத் தட்டப் பிடிச்சுக்கிட்டு நியாயம் பேசுற. மனுசனாய்யா நீ?"

கனகவேல் திரும்பினார். சுவரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், அவர் வீட்டுக்கும் மேற்கே இருக்கிற வீடுகளைப் பார்த்தார். தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சுவருக்கு மேலே கையை நீட்டினார்.

"கொண்டாங்க அந்தக் கடப்பாரைய. நாசமாப் போக." கடப்பாரையை வாங்கியவர் திரும்பி முறைத்தார். "எனக்குப் பின்னால இன்னும் மூணு வீடு இருக்கு. நான் சங்கத் தலைவர். அவங்ககிட்டப் போயி நான் சொல்ல மாட்டேன், ஆமா. நீங்கதான் சொல்லணும்."

அவர் முதல் போடு போட்டார். பூங்கோதை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு படிந்த கையோடு, அந்த மூன்று வீடுகளில் முதல் வீட்டுக் கதவைத் தட்டப் புறப்பட்டாள். அவள் பாதி வழி போவதற்குள் பின்னால் சுவர் சரிகிற சத்தம் கேட்டது, குளிர்ந்த முதுகுகள் அவள் கெண்டைக்காலை உரசிக்கொண்டு முந்திப் பாய்ந்தன. அவள் கதவண்டை போய்ச் சேர்ந்தபோது அவை ஏற்கனவே தட்டிக்கொண்டிருந்தன.